பாயில் படிந்த மண்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை முடிந்து வந்து அமர்ந்திருப்பவர்களும், இரவு தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு வேறு நேரமண்டலத்திலிருந்து இணைந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மரபுக் கைவினையும் நவீனக் கலையும்’. நான் கலை விமர்சகர் இல்லை, செவிலி. அதனால் தலைப்பைச் சுருக்கி ஒரே ஒரு புல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் அதன் பெயர் இகுசா. ஜப்பானிய வீடுகளின் தரையில் பதித்திருக்கும் தாதாமிப் பாயின் மேற்பரப்பு இந்தப் புல்லால் நெய்யப்படுவது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே சிக்கல்தான். நாணல் என்று சொல்லிவிடலாம். நம் வேதாகமத்தில் குழந்தை மோசேயை வைத்து ஆற்றங்கரையில் விட்டது நாணற்பெட்டிதான். ஆனால் அங்கே நாணல் என்று வருவது நைல் நதியின் பாப்பிரஸ் என்கிறார்கள். கோரை என்றால் அதுவும் சரியில்லை. கோரைத் தண்டை விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். இகுசா வழவழவென்று உருளும். இலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, பூமியிலிருந்து நேராக ஏறும் பச்சை ஊசி. உள்ளே வெண்மையான பஞ்சு போன்ற சோறு. அந்தச் சோற்றை உரித்தெடுத்து விளக்குத் திரியாகப் பயன்படுத்தினார்கள் என்பதால் அதற்கு ‘விளக்குத்திரிப் புல்’ என்றே இன்னொரு பெயர் உண்டு. ஜப்பானிய மரபு மெழுகுவர்த்திகளின் திரியில் இன்றும் அந்தச் சோறு இருக்கிறது. சீன மருத்துவத்தில் அதைச் சிறுநீர் பிரிய கஷாயமாகக் கொடுப்பார்கள். ஆகவே இகுசா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இகுசாவுக்கு இப்போது நல்ல காலம் என்று வடிவமைப்பு இதழ்களைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். கூடைகள், இருக்கைகள், சுவரில் மாட்டும் படைப்புகள், முப்பரிமாண அச்சில் செய்த விளக்குகள். ‘புத்துயிர் பெற்ற மரபு’ என்ற சொற்றொடர் தவறாமல் வரும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தப் புல்லின் கதையைத் தேடிப் படித்தபோது, இதற்கு முன்பும் இது குறைந்தது இரண்டு முறை புத்துயிர் பெற்றிருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புதிய வடிவம் வந்தது, வடிவத்தைத் தந்தவரின் பெயர் நின்றது. புல்லை நட்டு, அறுத்து, நெய்தவர்களின் உடம்புக்கு என்ன ஆனது என்பது வேறு ஏடுகளில், பெரும்பாலும் மருத்துவ ஏடுகளில், இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் இந்த உரை.

தாதாமி முதலில் அறை முழுக்கப் பதிக்கிற பொருள் அல்ல. ஹெயியன் காலத்துப் பிரபுக்கள் மரத்தரையில் தாங்கள் அமரும் இடத்தில் மட்டும் அதைப் போட்டுக்கொண்டார்கள். விளிம்புத் துணியின் நிறமும் பாயின் கனமும் அமர்பவரின் அந்தஸ்தைச் சொல்லும். அறை முழுவதும் பரவியது முரோமாச்சி காலத்தில். எடோ காலத்தில் அது மெல்ல நகரத்துச் சாதாரண வீடுகளுக்கும் இறங்கியது. ஒரு பாயின் மேற்பரப்புக்கு 4,000 முதல் 7,000 தண்டுகள் வரை வேண்டும். ஆறு பாய் கொண்ட சிறிய அறைக்கே குறைந்தது 24,000 தண்டுகள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் புல்லுக்குப் பெயர்போன இடங்களில் ஒன்று மேற்கு ஜப்பானில் ஒகயாமா, அதிலும் குராஷிகியைச் சுற்றிய பகுதி. அங்கே கடலை மண்ணிட்டு நிரப்பி உண்டாக்கிய நிலங்கள் அதிகம். உப்பு ஊறிய அந்த மண்ணைப் பருத்தியும் இகுசாவும் தாங்கின. அந்தப் பகுதியின் சாயாமாச்சி என்ற ஊரில் 1834இல் பிறந்தவர் இசோசாகி மின்கி. மின்கி என்ற பெயரை எழுதும் எழுத்துகளுக்கு ‘தூங்கும் ஆமை’ என்று பொருள். ஆள் தூங்கியவர் இல்லை. துணி நெசவுக் குடும்பத்தில் வந்த அவர், துணியின் நுணுக்கத்தைப் புல்லில் கொண்டுவர முடியுமா என்று வருடக்கணக்கில் தறியோடு போராடினார். 1878இல் கின்கான்-என் என்ற பாயை உருவாக்கினார். சாயமேற்றிய மெல்லிய தண்டுகளை நெருக்கி நெருக்கி அடித்து நெய்த பூவேலைப் பாய். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பட்டு ஜரிகை என்று நினைத்துவிடுவீர்கள்.

அதன் சந்தை பெரும்பாலும் கடல் கடந்து இருந்தது. 1880களிலிருந்து ஒகயாமாவின் பூப்பாய்கள் கோபே துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் படுக்கையறையில் விரிக்கக் கம்பளத்தைவிட மலிவாகவும் சுத்தமாகவும் இருந்தது. ஜப்பானின் முக்கிய ஏற்றுமதிப் பொருட்களின் வரிசையில் பாயும் இடம்பிடித்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிகள். உட்கார்ந்து நெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். 1897இல் அமெரிக்கா கொண்டுவந்த டிங்லி சுங்கச் சட்டம் பாய்களுக்கும் வரி போட்டது. பிறகு லினோலியம் வந்தது. இதை நாம் முதலாவது புத்துயிர்ப்பு என்று எண்ணலாம்: சந்தைக்காக ஒரு கண்டுபிடிப்பாளர் செய்தது. மின்கியின் வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. நெய்த பெண்களின் பெயர்கள் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இரண்டாவது முறை வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். யானாகி சோயெட்சு தொடங்கிய மிங்கேய் இயக்கம், அதாவது பெயரற்ற எளிய கைவினைஞரின் அன்றாடப் பொருளில்தான் அழகு இருக்கிறது என்ற இயக்கம், குராஷிகியில் வலுவாக வேரூன்றியது. அங்கே அதன் தூண் தோனோமுரா கிச்சினொசுகே. எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் அவர் இறையியல் படித்துப் போதகராக இருந்தவர். பிரசங்க மேடையிலிருந்து தறிக்குப் போனவர். 1948இல் பழைய நெல் கிடங்குகளில் திறக்கப்பட்ட குராஷிகி நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அவரே. 1953இல் இளம்பெண்கள் தங்கிப் படிக்கும் ஒரு நெசவுப் பள்ளியையும் தொடங்கினார். அதே வட்டத்தில், சாயக் கலைஞர் செரிசாவா கெய்சுகே கோடுகளை வடிவமைத்துக் கொடுக்க, ‘குராஷிகி தந்த்சு’ என்ற தரைவிரிப்பு பெயர்பெற்றது. மின்கியின் பூக்கள் போய் எளிய கோடுகள் வந்தன. பொருள் வாழ்வோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று இவர்கள் சொன்னது எனக்கு உடன்பாடுதான். ஆனால் பெயரற்ற கைவினைஞர் என்பதை ஒரு பெருமையாக அவர்கள் சொன்னதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் நோய்க்குறிப்பும் இருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவே, யாரும் வடிவமைக்காத ஒரு பொருளும் இருந்தது. போர் முடிந்த பஞ்ச காலத்தில் இகுசாவைக் கயிறாகத் திரித்துப் பின்னிய கைக்கூடை. பெண்கள் அதை எடுத்துக்கொண்டு கள்ளச்சந்தைக்கு அரிசியும் கிழங்கும் வாங்கப் போனார்கள். அதனால் அதன் பெயரே ‘யாமிகாகோ’, கள்ளச்சந்தைக் கூடை. பிளாஸ்டிக் பை வந்ததும் மறைந்தது. நம் ஊர்ச் சந்தையில் ஓலைக்கூடைக்கு நடந்ததேதான்.

இனி குராஷிகியின் கடற்கரைக்குப் போக வேண்டும். அதே நகரத்தின் மிசுஷிமா பகுதியில் 1950களின் இறுதியிலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு, பெட்ரோ கெமிக்கல், எஃகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. இளைஞர்கள் சேற்றை விட்டு ஆலைக்குப் போனதில் வியப்பில்லை. இகுசா வேலை எப்படிப்பட்டது என்றால், நடவு நவம்பர், டிசம்பரில், உறையும் சேற்றில் கையை விட்டு. அறுவடை ஜூலையில், வருடத்தின் மிகக் கொடிய வெயிலில், தண்டு வாடுமுன் செய்து முடிக்க விடியலுக்கு முன்பே தொடங்கி. ஆலைச் சம்பளம் மாதாமாதம் வரும்.

1960களின் நடுவில் ஆலைகளைச் சுற்றிய வயல்களில் இகுசாவின் நுனிகள் காய ஆரம்பித்தன. நுனி கருகிய தண்டு தாதாமிக்கு உதவாது, நீளம்தான் அதன் விலை. விவசாயிகள் புகையைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மனிதர்களின் இருமல் பெரிய செய்தியானது. மூச்சிரைப்பும் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் கொண்ட நோயாளிகள் 1983இல் ஆலை நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டார்கள். 1994இல் ஒகயாமா மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 1996 டிசம்பரில் சமரசம் ஆனது. சமரசத் தொகையின் ஒரு பகுதியிலிருந்து மிசுஷிமா அறக்கட்டளை உருவாகி இன்றும் அந்தப் பகுதியின் சூழலுக்காக வேலை செய்கிறது. ஒரு வார்டில் மானிட்டர் அலறுவதற்கு முன்பே நோயாளியின் நகக்கண் நீலமாவதை நாங்கள் பார்ப்போம். அந்த ஊருக்கு இகுசாவின் நுனி நகக்கண்ணாக இருந்திருக்கிறது.

ஆனால் குற்றம் முழுவதையும் புகைமேல் போட்டுவிட்டால் கதை வசதியாகிவிடும். பாய் நெய்தவர்களின் மூச்சுக்கு இன்னொரு எதிரி பாய்க்கு உள்ளேயே இருந்தது.

புதுத் தாதாமியின் அந்த மணத்தையும் வெள்ளி கலந்த பச்சை நிறத்தையும் எல்லோரும் புகழ்வார்கள். அது புல் மட்டும் தருவதல்ல. அறுத்த இகுசாவைக் கட்டுக்கட்டாக, நீரில் கரைத்த களிமண்ணில் தோய்த்துத்தான் உலர்த்துவார்கள். மண் பூச்சு இருந்தால் தண்டு சீராகக் காயும், பச்சை நிறம் நிற்கும், மினுமினுப்பு வரும், மணமும் தங்கும். அவாஜித் தீவு போன்ற இடங்களிலிருந்து இதற்கென்றே வெண்ணிறக் களிமண் வெட்டி வந்தது. தோய்க்கும்போது ஈரம், ஆபத்தில்லை. காய்ந்த கட்டைப் பிரித்து நீளவாரியாக உதறிப் பிரிக்கும்போதும், தறியில் ஒவ்வொரு தண்டாக ஓடும்போதும் அந்த மண் பொடியாகப் பறக்கிறது. மண்ணில் சிலிக்கா இருக்கிறது. தறி பெரும்பாலும் வீட்டை ஒட்டிய கொட்டகையில். குளிர்காலத்தில் கதவையும் சாத்திக்கொண்டு நெய்வார்கள்.

சுரங்கத் தொழிலாளிக்கும் கல்லுடைப்பவருக்கும் வருகிற அதே தூசி நுரையீரல் நோய், பாய் நெய்யும் விவசாயக் குடும்பங்களில் வந்தது. ஜப்பானிய மருத்துவ இதழ்களில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: இகுசா நியூமோகோனியோசிஸ். முதன்முதலில் அந்தச் சொல்லைப் படித்தபோது சற்று நேரம் கணினியை மூடிவைத்துவிட்டேன். பல வருடங்கள் நெஞ்சக நோய் வார்டில் வேலை செய்தவள் நான். சிலிகோசிஸ் எக்ஸ்ரே எப்படி இருக்கும் என்று தெரியும், மேல்பகுதியில் தினை இறைத்தது போல் புள்ளிகள். அந்தத் தூசி ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது. வேலையை விட்டு இருபது வருடம் ஆன பிறகும் படியேறும்போது நினைவுபடுத்தும்.

இதில் செவிலிக்கு மட்டும் தெரிகிற ஒரு சங்கதி உண்டு. நோயாளியைச் சேர்க்கும்போது படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெண்ணாக இருந்தால், அதுவும் வயதானவராக இருந்தால், எந்த நாட்டிலும் அங்கே ‘குடும்பத்தலைவி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். முப்பது வருடம் தறியில் இருந்தேன் என்று அவரே சொல்ல மாட்டார், அது வீட்டு வேலைதானே என்று நினைப்பார். யாராவது உட்கார்ந்து, இளமையில் கையால் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஜப்பானில் இந்த நோய்க்குப் பெயர் கிடைத்திருக்கிறது என்றால், அப்படிக் கேட்ட சில மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒகயாமா கைவிட்ட இடத்தை தெற்கே குமமோதோ மாநிலத்தின் யாட்சுஷிரோ சமவெளி பிடித்துக்கொண்டது. அங்கேயும் இகுசா புதிதல்ல. 1505இல் இவாசாகி என்ற சிற்றரசர் மக்களுக்கு இதைப் பயிரிடக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி அவருக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். இன்று ஜப்பானில் விளையும் இகுசாவில் 90 சதவீதத்துக்கு மேல் குமமோதோவினுடையது. ஆனால் ஜப்பானில் விற்கிற தாதாமிப் பரப்பில் பெரும்பங்கு சீனாவில் நெய்து வருகிறது. 2001 ஏப்ரலில் ஜப்பான் அரசு மூன்று சீன இறக்குமதிகளுக்கு 200 நாள் தற்காலிகத் தடுப்பு வரி விதித்தது: வெங்காயத்தாள், ஷிதாகே காளான், தாதாமிப் பரப்பு. பதிலுக்குச் சீனா ஜப்பானியக் கார்கள், கைப்பேசிகள், குளிர்சாதனக் கருவிகள்மேல் 100 சதவீத வரி போட்டது. டிசம்பரில் சமாதானம் பேசி முடித்தார்கள், தடுப்பு வரி தொடரவில்லை. காருக்கும் பாய்க்கும் நடந்த சண்டையில் எது விட்டுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது. ஜப்பானிய மொழியில் ‘தாதாமியில் சாவது’ என்று ஒரு வழக்கு உண்டு. விபத்திலோ தெருவிலோ அல்லாமல் சொந்த வீட்டில் நல்ல சாவு சாவது என்று பொருள். 1970களின் நடுவில் அங்கே மருத்துவமனையில் நிகழும் இறப்புகள் வீட்டில் நிகழ்பவற்றைத் தாண்டின. பிறப்பு அதற்கு முன்பே போய்விட்டது. கட்டில், அடுக்ககம், மரத்தரை. பாய் மெல்ல விருந்தினர் அறைக்கு ஒதுங்கியது.

இந்த இடத்தில்தான் இன்றைய கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் வருகிறார்கள். கிஃபு மாநிலத்தின் கென்ஸே என்ற தாதாமிப் பட்டறை அறையின் வடிவத்துக்கு ஏற்ப ஒழுங்கற்ற பலகோணங்களாகப் பாயை வெட்டிப் பொருத்துகிறது. எல்லாம் ஒரே பச்சைதான். நெசவின் திசை மாறுவதால் ஒளி பட்டதும் ஒன்று இருளும், இன்னொன்று ஒளிரும். நாள் முழுக்க நிறம் நகர்ந்துகொண்டே இருக்கும். இது எனக்கு உண்மையான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது, ஏனென்றால் புல்லுக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றை அது பார்க்க வைக்கிறது. இன்னொன்று, ஹொனோகா என்ற இளம் வடிவமைப்பாளர் குழு. இகுசாவை மக்கும் பிசினோடு கலந்து முப்பரிமாண அச்சில் இருக்கைகளும் விளக்குகளும் செய்தது. 2023இல் மிலான் நகரின் சலோனே சாட்டலைட் பரிசில் முதலிடம் பெற்றது. பொருட்கள் அழகானவை. ஆனால் அங்கே நெசவு இல்லை, புல் ஒரு கலவைப்பொருள். அதை நெசவின் புத்துயிர்ப்பு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் வேண்டும். ஒரு கண்காட்சிப் பொருளுக்கு எத்தனை தண்டு தேவைப்படும்? ஒரு வீடு தாதாமி போடுவதை நிறுத்தினால் எத்தனை தண்டு குறையும்? கலைக்கூடத்தால் வயலை நேரடியாகக் காப்பாற்ற முடியாது. ஆனால் சில சின்ன வேலைகள் வேறு வகையில் பயன்படுகின்றன. குராஷிகியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் சுனாமி தோரு கடையின் ஐந்தாம் தலைமுறை இளைஞர், பாட்டியிடம் கற்றுக்கொண்டு அந்தக் கள்ளச்சந்தைக் கூடையை மறுபடி பின்னுகிறார். இன்று அது நல்ல விலைக்குப் போகிற கைப்பை. பாட்டியின் கையிலிருந்த வேலை அவரோடு முடியாமல் நின்றது என்பது சிறிய விஷயமல்ல.

கியூஷு தீவின் குனிசாகியில் நிலைமை இன்னும் நெருக்கடி. அங்கே வளர்வது ஷிச்சிதோயி, ‘ஏழு தீவுப் புல்’. தெற்குத் தீவுகளிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்தது. இது இகுசா குடும்பம் இல்லை, நம் கோரையின் பேரினம், மூன்று விளிம்புள்ள தண்டு. பத்தமடையில் கோரையைக் கீறுவது போலவே அங்கும் தண்டை நெடுக்காகப் பிளந்துதான் பயன்படுத்துகிறார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ வீரர்கள் விழுந்து எழுந்தது இந்தப் பாயில். இப்போது பயிரிடுபவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே அங்கே நகை, காலணி, சிறுகூடை என்று பின்னக் கற்றுக்கொள்பவர்கள் பலர் வயலிலும் இறங்குகிறார்கள். வேறு வழியில்லை, புல்லைத் தருவதற்கு ஆள் வேண்டுமே.

கடைசியாக ஒன்று. சமீப காலமாக ‘மண் தோய்க்காத இகுசா’ என்று ஒரு வகைப் பாய் விற்பனைக்கு வருகிறது. மண் பூச்சு இல்லாததால் மினுமினுப்பு இல்லை, திட்டுத்திட்டாக இருக்கிறது, பச்சை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பழக்கப்பட்ட வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்துவிட்டு இது மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுவார். சீரற்ற நிறத்தை அழகாக்கிக் காட்டத் தெரிந்தவர்கள் கலைஞர்கள், அது அவர்கள் தினமும் செய்கிற வேலை. அவர்களில் ஒருவர் இந்தப் பாயை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்து, பக்கத்திலிருக்கும் குறிப்பில் பொருளின் பெயரோடு ‘மண் தோய்க்காதது’ என்று சேர்த்து எழுதலாம். அது என்ன, ஏன் என்று பார்வையாளர் யாராவது கேட்பார். கேட்டால், அங்கே நிற்பவர் அந்த எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.